மாயவரம் பெயர் மாறியது, 'எம்வி' மாறவில்லை: ரயில் பாதையின் தரவைக் கட்டும் வேலை

[காட்சி: தஞ்சாவூர்ப் பக்கத்து நடவு வயல். வரப்பை ஒட்டி ரயில் பாதை.]

இந்த வயல் எவ்வளவு என்று உழுபவரைக் கேட்டால் மூன்று மா என்பார். கிரயப் பத்திரம் அதையே ஒரு ஏக்கர் என்றோ நூறு சென்ட் என்றோ சொல்லும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் 0.40.50 என்று இருக்கும். மூன்றிலும் தவறில்லை. மூன்றும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றன என்பதை உறுதிசெய்வது சர்வே எண். அந்த எண் மட்டும் இல்லாதிருந்தால், கிராம நிர்வாக அலுவலகமும் பதிவு அலுவலகமும் வேளாண் துறையும் மூன்று வெவ்வேறு வயல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கும்.

ரயில் பாதை, பாலம், சிக்னல், மின்கம்பி ஆகியவற்றைப் பராமரிக்கும் பெரிய நிறுவனத்தில் தரவுக் கட்டமைப்புக்குத் தலைமை ஏற்பவர் முதன்மையாகச் செய்ய வேண்டியதும் இத்தகைய எண்ணைக் கண்டுபிடித்து, அதை எல்லாப் பிரிவுகளும் ஏற்கும்படி செய்வதுதான். எந்த மென்பொருளை வாங்குவது, தரவை எந்தச் சர்வரில் வைப்பது என்பவை அதன் பிறகு வரும் கேள்விகள், அவை எளிதானவையும்கூட.

[காட்சி: ஒரு நிலையத்தின் எல்லையில், ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடம்.]

இப்படித் தடம் பிரியும் இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். இந்தப் பாயிண்ட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தண்டவாளத்தையும் ஜல்லியையும் பராமரிக்கும் பொறியியல் பிரிவினர் இந்த இடத்தைக் கிலோமீட்டர் கணக்கில் குறிக்கிறார்கள். வண்டியை இந்தத் தடத்துக்கோ அந்தத் தடத்துக்கோ திருப்பும் நாக்குத் தண்டவாளத்தை அசைக்கும் மோட்டாருக்குப் பொறுப்பான சிக்னல் பிரிவினர், நிலையத்தின் சிக்னல் வரைபடத்தில் உள்ள பாயிண்ட் எண்ணால் குறிக்கிறார்கள். மேலே செல்லும் மின்கம்பியைக் கவனிப்பவர்களுக்கு இது இன்ன மாஸ்ட் (மின்கம்பியைத் தாங்கும் கம்பம்) எண்ணுக்கு அருகிலுள்ள இடம். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பதிவேடு உண்டு, இப்போது தனி மென்பொருளும் உண்டு.

டெல்டாவின் களிமண் மழையில் இளகுவது, வெயிலில் வெடிப்பது. அதன் மேல் போட்ட கரை அமுங்கி, ஜல்லி தளர்ந்தால், வண்டி போகும்போது பாயிண்ட் ஏறி இறங்கும். நாக்குத் தண்டவாளம் சரியாகப் பொருந்தாமல் போக, மோட்டார் திணறும். சிக்னல் பதிவேட்டில் அது 'பாயிண்ட் பழுது' என்று ஏறும், சரிசெய்யப்படும், பத்து நாளில் மீண்டும் ஏறும். பொறியியல் பதிவேட்டில் அதே இடத்தில் ஜல்லியை இடித்து இறுக்கிய குறிப்பு இருக்கும். நேரில் கூட்டு ஆய்வுக்குப் போகும் இரு பிரிவினரும் இதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கணினிக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் அந்தக் கிலோமீட்டரும் இந்தப் பாயிண்ட் எண்ணும் ஒரே இடம் என்று யாரும் அதற்கு எழுதிக் கொடுக்கவில்லை.

கிலோமீட்டரையே பொது எண்ணாகக் கொள்ளலாமே என்று தோன்றும். அது அவ்வளவு நம்பகமானது அன்று. வளைவை நேராக்கினால் பாதையின் நீளம் குறையும்; ஆனால் அதற்காக வரிசையாக நட்ட கிலோமீட்டர் கல்லையெல்லாம் யாரும் பிடுங்கி மாற்றுவதில்லை. எனவே ஏதோ ஒரு கிலோமீட்டர் ஆயிரம் மீட்டருக்குக் குறைவாகவும் இன்னொன்று கூடுதலாகவும் இருக்கும். பிரிட்டனின் ரயில் பாதைகளைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் இந்தச் சிக்கலோடு வாழப் பழகியிருக்கிறது. அங்கே ஒவ்வொரு பாதைக்கும் ஒரு குறியீடு உண்டு. பாதைக்குள் இருக்கும் இடத்தை மைலும் சங்கிலியுமாகச் சொல்கிறார்கள். 80 சங்கிலி ஒரு மைல். ஒரு சங்கிலி 66 அடி. நம் ஊர் சென்ட் கணக்கும் அதே சங்கிலியிலிருந்து வந்ததுதான்: பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர்.

ஆகவே கட்டமைப்பாளர் இரண்டு செய்திகளைப் பிரித்து வைக்கிறார்: ஒன்று இடம், மற்றொன்று அந்த இடத்தில் இருக்கும் பொருள். போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மோட்டார் எரிந்தால் காயில் கட்டக் கொடுத்துவிட்டு, வேறு மோட்டாரை இறக்குகிறோம். போர் அதேதான், அதன் ஆழமும் நீர்மட்டமும் அதற்கே உரியவை. எத்தனை முறை காயில் கட்டினோம் என்ற கணக்கு மோட்டாரோடு போக வேண்டும். பாயிண்ட் மோட்டாரும் அப்படியே. பட்டறைக்குப் போய்த் திரும்பும் மோட்டார் வேறு நிலையத்தில் பொருத்தப்படலாம். அதன் வரலாறு அதோடு பயணிக்க வேண்டும். களிமண்ணின் குற்றம் இந்த இடத்தின் கணக்கிலேயே நிற்க வேண்டும்.

1861 வாக்கில் நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் வழியாகப் போட்ட பாதை அகலப் பாதையாகப் பிறந்தது. 1875இல் அதைவிடக் குறுகலான மீட்டர் கேஜ் ஆனது. நம் காலத்தில் மீண்டும் அகலப் பாதை ஆகியிருக்கிறது. தண்டவாளமும் கட்டையும் எத்தனையோ முறை மாறிவிட்டன. திருவாரூர் திருவாரூரிலேயே இருக்கிறது.

[காட்சி: மயிலாடுதுறைச் சந்திப்பின் பெயர்ப் பலகை.]

எண் மாறக்கூடாது என்பதற்கு இந்த நிலையமே சாட்சி. மாயவரம் 1982இல் மயிலாடுதுறை ஆனது. நிலையக் குறியீடு இன்றும் 'எம்வி'. தஞ்சாவூர் இன்னும் 'டிஜே', அதாவது டாஞ்சோர் ஜங்ஷன். திருச்சி 'டிபிஜே', டிரிச்சினாப்பள்ளி ஜங்ஷன். பெயர்ப் பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். குறியீட்டை மாற்றினால் பயணச்சீட்டு, சரக்குக் கணக்கு, கட்டுப்பாட்டு அறையின் வரைபடம் எல்லாவற்றையும் தொட வேண்டும். அந்தக் காலத்துப் பெயரின் எழுத்துகளைக் குறியீட்டில் வைத்தது ஒருவகையில் பிழைதான். பொருளற்ற எண்ணாக வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. ஆனால் மாற்றாமல் விட்டது நல்ல புத்தி.

எல்லாத் தரவையும் ஒரே பெரிய கிடங்கில் கொட்டிவிடலாமே என்ற யோசனை அடிக்கடி எழும். நான் அதற்கு உடன்படமாட்டேன். இந்திய ரயில்வேக்கான மென்பொருள்களை 1986 முதல் கிரிஸ் என்ற அமைப்பு உருவாக்கிவருகிறது. பாதைக்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று, சிக்னல் பராமரிப்புக்கு ஒன்று எனப் பல உள்ளன. அவை அவரவர் கையில் இருப்பதுதான் நல்லது. எந்த விவரத்துக்கு யார் பொறுப்பு, அதை யார் மட்டும் திருத்தலாம், மற்றவர்கள் எந்த எண்ணைக் கொண்டு அதைப் படிக்கலாம் என்பது தெளிவாக இருந்தால் போதும். அதை ஒப்புக்கொள்ள வைக்க மாதக்கணக்கில் கூட்டம் நடக்கும். தலைமை என்பதில் பெரும்பகுதி அந்தக் கூட்டங்கள்தான்.

[காட்சி: மழைக்காலம். வாய்க்கால் பாலத்தின் தூணில் வரைந்த அபாய அளவுக் கோடு.]

1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமடைந்து, தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றுக்குள் விழுந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இன்று கல்லணையில் எத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்பது நீர்வளத் துறைக்குத் தெரியும். பாலத்தில் தண்ணீர் கோட்டை எட்டிவிட்டதா என்பது மழைக்கால ரோந்து போகிறவருக்குத் தெரியும். ஒன்று ஓட்டத்தின் அளவு, மற்றொன்று மட்டத்தின் உயரம். இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. அதற்கு முன், எந்த மதகுக்குக் கீழே எந்தப் பாலம் இருக்கிறது என்பதை வரிசைப்படுத்திய ஓர் அட்டவணை வேண்டும். நீர்வளத் துறை வாய்க்காலின் பெயரைச் சொல்லும், ரயில்வே பாலத்தின் எண்ணைச் சொல்லும், பாதையைப் பரிசோதித்தபடி தினமும் அதைக் கடந்து நடக்கும் ஊழியரான கீமேனோ பக்கத்து ஊரின் பெயரால் சொல்வார். அட்டவணையில் இடத்துக்கு ஓர் எண்ணும், அதன் எதிரே இந்த மூன்று பெயர்களுக்கும் மூன்று கட்டங்களும் இருக்கும். மூன்றாவது கட்டத்தை நிரப்ப, யாராவது கீமேனோடு பாதை நெடுக நடந்துவர வேண்டும்.