உதவித்தொகையும் ஒரு சொந்த வீடும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெராக்ஸ் கடை நடத்தி மாதம் 16,000 ரூபாய் சம்பாதிக்கிறார் ஒருவர். கடும் பாதிப்பு உள்ள மாற்றுத்திறனாளி என்பதால் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாயும் அவருக்கு வருகிறது. இவரால் சொந்த வீடு வாங்க முடியுமா? முடியும். ஆனால் வீட்டுத் தரகரைப் பார்க்கப் போகுமுன் வங்கிக் கணக்குப் புத்தகத்தைச் சரிசெய்ய வேண்டும்.

வங்கிகள் பொதுவாக உதவித்தொகையை வருமானமாகச் சேர்த்துக்கொள்வதில்லை. அவை பார்ப்பது உழைப்பில் வரும் பணத்தை. அதுவும் தாளில் தெரியும் பணத்தை. கடை வருமானம் கல்லாவிலிருந்து நேரே மளிகைக்குப் போய்விட்டால் வங்கியின் கண்ணுக்கு அது வருமானமே இல்லை. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்காவது வரவை வங்கிக் கணக்கு வழியாகவே நடத்துங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம்; அதையும் எடுத்து வையுங்கள்.

இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்று பாருங்கள். 8 லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டு. 9 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 7,200 ரூபாய். தாள் இல்லாதவர்களுக்கும் கடன் தருகிற வீட்டுக்கடன் நிறுவனங்கள் உண்டு; வட்டிதான் கூடும். அங்கே 13 சதவீதம் என்றால் அதே கடனுக்குத் தவணை சுமார் 9,370 ரூபாய். வித்தியாசம் மாதம் 2,170. அரசு தருகிற உதவித்தொகை முழுவதும் வட்டிக்கே போய்விடும், இன்னும் 170 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும்.

16,000 ரூபாய் வருமானத்தில் பாதிக்குள் தவணை அடங்கினால்தான் பெரும்பாலும் கடன் கிடைக்கும். அதனால் 8 லட்சம் என்பதே ஏறக்குறைய எல்லை. சம்பாதிக்கும் குடும்பத்தினர் ஒருவரை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தால் எல்லை உயரும். தவணை தவறினால் அவரும் பொறுப்பாளி என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

அடுத்து, கையில் இருக்க வேண்டிய பணம். 10 லட்சம் ரூபாய் வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதாவது 90,000 ரூபாய். 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. இங்கே ஒரு நல்ல விதி இருக்கிறது, வங்கியில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்: வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டாவிட்டால் இந்தப் பத்திரச் செலவையும் விலையோடு சேர்த்துக் கடன் கணக்கிட ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. விலை 10 லட்சத்தைத் தாண்டினால் அந்தச் சலுகை கிடையாது.

மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0-இல் வட்டி மானியம் உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் எங்கும் குடும்பத்தார் பெயரில் நல்ல கட்டு வீடு இருக்கக் கூடாது. முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம். ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து தவணைகளில் அதிகபட்சம் 1,80,000 ரூபாய் கடன் கணக்குக்கு வரும். மானியம் வரும் ஒவ்வொரு முறையும் அசலில் பாதிக்குமேல் பாக்கி இருக்க வேண்டும் என்று நிபந்தனை. சீட்டுப் பணமோ நகை விற்ற பணமோ வந்ததென்று அவசரப்பட்டு அசலை அடைத்தால் மீதி மானியம் நின்றுவிடும்.

கடனோடு ஆயுள் காப்பீடும் எடுத்தே ஆக வேண்டும் என்று சில கிளைகளில் வற்புறுத்துவார்கள். சட்டப்படி அது கட்டாயமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்குக் கூடுதல் பிரீமியம் போட்டு, அதையும் கடனிலேயே ஏற்றிவிடும் வழக்கம் இருப்பதால் கடன் மதிப்பீட்டுத் தாளில் ஒவ்வொரு தொகையும் எதற்கென்று கேளுங்கள்.

அரசு ஒதுக்கீட்டு வீடு வேண்டுவோருக்கு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு வீட்டு ஒதுக்கீட்டில் 5 சதவீதம் தருகிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பும் அதற்கான சான்றும் வேண்டும். விண்ணப்பத்திலேயே தரைத்தளம் வேண்டும் என்று எழுதுங்கள். ஒதுக்கீட்டு ஆணை வந்தபின் தளம் மாற்றுவது பெரும்பாடு.

இனி வீடு. சக்கர நாற்காலிக்காரர் அளவு நாடா இல்லாமல் வீடு பார்க்கப் போகவே கூடாது என்பேன். நாற்காலியின் அகலம் பெரும்பாலும் 24 முதல் 26 அங்குலம். குளியலறைக்கு வைக்கும் இரண்டரை அடிக் கதவில் நிலைச்சட்டமும் கதவின் கனமும் போக மிஞ்சும் வழி அதற்குப் போதாது. 32 அங்குலமாவது வேண்டும். சுவர் செங்கல் என்றால் நிலையைப் பெயர்த்து அகலப்படுத்தலாம். புதிய அடுக்ககங்கள் பலவற்றில் சுவரே கான்கிரீட். பாரம் தாங்குவதும் அதுதான், அதை உடைக்க முடியாது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் சுவர் எதில் கட்டியது என்று கேளுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் யாரும் போக முடியாது. உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும்.

சாய்தளத்துக்குக் கணக்கு எளிது: ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். ஒன்றரை அடி மேடையிட்ட வீட்டு வாசலுக்கு 18 அடி வேண்டும், மேலும் கீழும் திரும்பும் இடம் தனி. அவ்வளவு முன்வெளி இருக்கிறதா? பலகையைச் சாய்த்து வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். நாற்காலி பின்னோக்கிக் கவிழ்வது அப்படித்தான்.

தரைத்தளம் என்றால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்த அளவு வந்தது என்று சென்னையில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். மேல்தளம் என்றால் மின்தடையின்போது லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா, மாதப் பராமரிப்பு எவ்வளவு என்று பாருங்கள். 1,500 ரூபாய் பராமரிப்பு என்றால் உங்கள் தவணைச் சக்தியில் அவ்வளவு குறைகிறது.

வில்லங்கச் சான்றை 30 ஆண்டுக்குப் போடுங்கள். தாய்ப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்காமல் அக்ரிமெண்ட் வேண்டாம். "அலைச்சல் எதற்கு, தம்பி பெயரில் வாங்கிவிடலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். பணம் உங்களுடையதென்றால் பத்திரத்திலும் உங்கள் பெயர் இருக்கட்டும். சொத்து வைத்திருக்கும் உரிமையை அதே 2016 சட்டத்தின் 13-ஆவது பிரிவு உறுதி செய்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர் பெயரில் வாங்கும்போது சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

பதிவு அலுவலகத்துக்குப் போக முடியாத உடல்நிலை என்றால், 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி சார்பதிவாளரையே வீட்டுக்கு வரச் சொல்லலாம். மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே மனு கொடுத்து, கட்டணம் கட்டி, நாள் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு முடிந்ததும் சொத்துவரி, மின் இணைப்பு, பட்டா மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் பெறுவோர், வீடு வாங்கினால் அது தொடருமா என்று சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

வணக்கம்.