நகல் எதற்கு, எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற கேள்வி இது: ஊர் சுற்றும்போது பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்துக்கொள்வதா, ஓட்டல் லாக்கரில் பூட்டிவிட்டுப் போவதா?

அது போகிற நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. ஜப்பானில் சுற்றுலாப் பயணி பாஸ்போர்ட்டை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும். தவறினால் 1,00,000 யென் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு. சீனாவிலும் 16 வயது நிரம்பிய வெளிநாட்டவருக்கு இதே விதிதான். இங்கெல்லாம் நகலை நீட்டினால் எடுபடாது. சட்டம் அப்படிக் கேட்காத நாடுகளில், அசலை லாக்கரில் வைத்துவிட்டு நகலோடு வெளியே போவதே நல்லது என்பது என் கட்சி. வங்கிக்கோ உள்நாட்டு விமானத்துக்கோ போகிற நாளில் மட்டும் அசலை எடுத்துக்கொள்ளலாம்.

சரி, நகல் எதற்கு? அதைக் காட்டி எந்த எல்லையையும் தாண்ட முடியாது. பாஸ்போர்ட் தொலைந்த பிறகுதான் அதற்கு வேலையே வருகிறது. தூதரகத்தில் போய் நின்றால் பாஸ்போர்ட் எண், வழங்கிய தேதி, வழங்கிய இடம் எல்லாம் கேட்பார்கள். பதற்றத்தில் பலருக்கு எண்ணின் முதல் எழுத்துகூட நினைவுக்கு வராது. நகல் இருந்தால் உங்கள் விவரத்தைச் சரிபார்ப்பது சுலபமாகிவிடும்.

நகல் எடுக்கும்போது புகைப்படப் பக்கத்தின் அடியைக் கவனியுங்கள். அம்புக்குறி மாதிரி அடையாளங்களோடு இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 இடங்கள். ஸ்கேனர் படிப்பது அதைத்தான். ஜெராக்ஸ் எடுக்கும்போது பல நேரம் அந்த வரிகள்தான் வெட்டுப்பட்டுப் போகும். அப்புறம், விசாவையும் நுழைவு முத்திரை குத்திய பக்கத்தையும் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். தொலைந்த பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தூதரகம் புதிதாகத் தருகிற அவசரப் பயண ஆவணத்தில் அந்த முத்திரை இருக்காது. 'எப்போது, எப்படி உள்ளே வந்தீர்கள்?' என்று திரும்பும்போது இமிகிரேஷனில் கேட்டால் கையில் காட்ட ஏதாவது வேண்டாமா? முத்திரை குத்தியதுமே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள்.

எடுத்த நகலை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள். பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே மடித்துச் செருகிவிடுவார்கள். பை போனால் இரண்டும் போச்சு! கணவனின் நகல் மனைவி பையில், மனைவியின் நகல் கணவன் பையில் இருக்கட்டும். ஊரில் இருக்கும் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

'போனில் படம் இருக்கிறதே' என்பீர்கள். போனும் பாஸ்போர்ட்டும் ஒரே பையில் போனால்? மின்னஞ்சலில் போட்டு வைத்திருந்தாலும், வேறு போனிலிருந்து திறக்கப் போனால் ஓடிபி கேட்கும். அது பறிபோன சிம்முக்குத்தான் போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே காகித நகலை நான் விடமாட்டேன். அதோடு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

தொலைந்தது என்று தெரிந்ததும் உடனே புகார் கொடுக்க ஓடவேண்டாம். முதலில் அறையை, பெட்டியின் உள் ஜிப்பை, நேற்றுப் போட்ட சட்டையை எல்லாம் துழாவுங்கள். ஏனென்றால் தொலைந்ததாகப் பதிவானதும் அந்தப் பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். பல நாட்டுக் காவல் துறைகளை இணைக்கும் இன்டர்போல் அமைப்பு 2002 முதல் வைத்திருக்கும் திருடுபோன, தொலைந்த ஆவணங்களின் தரவுத்தளத்துக்கும் அந்த எண் போய்விடலாம். மறுநாள் தலையணைக்கடியில் கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் செய்யக்கூடாது, விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நன்றாகத் தேடியும் இல்லையென்றால் தாமதிக்காமல் காவல் நிலையம் போய்ப் புகாரின் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். தூதரகத்தில் பெரும்பாலும் அதைக் கேட்பார்கள்.

இன்னொன்று. வாடகைக்கு ஸ்கூட்டர் கொடுப்பவர்கள் சிலர் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். வண்டியில் ஏற்கெனவே இருந்த கீறலுக்குக்கூடக் காசு கேட்டால், பாஸ்போர்ட் அவர் மேஜை டிராயரில் இருக்கும்வரை உங்களால் வாதாட முடியாது. முன்பணம் தருகிறேன், நகல் தருகிறேன் என்று சொல்லுங்கள். அந்த நகலிலும் இன்ன கடைக்கு, இன்ன தேதியில், வண்டி வாடகைக்கு மட்டும் என்று படத்தின் ஓரத்தைத் தொட்டபடி குறுக்கே எழுதிக் கொடுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு கடையைப் பாருங்கள். வணக்கம்.