காவலராக இருந்து மேயரான டாம் பிராட்லி

வணக்கம் நண்பர்களே. லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தின் பன்னாட்டு முனையத்தில் இறங்கியவர்கள் டாம் பிராட்லி என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்த நகரத்தில் சுமார் 21 ஆண்டுகள் காவல்துறையிலும், பிறகு 20 ஆண்டுகள் மேயர் பதவியிலும் இருந்தவர் அவர். மேயரான பிறகும் தாம் விட்டுவந்த காவல்துறையோடு அவர் ஏன் போராட வேண்டியிருந்தது என்பதைத்தான் இந்தக் காணொளியில் பேசப்போகிறேன்.

1917-இல் டெக்சாஸில், விளைச்சலில் பங்கு தரும் வாரமுறையில் பிறர் நிலத்தை உழுது பிழைத்த கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த பிராட்லி, பல்கலைக்கழகத்தில் ஓட்டப்பந்தய வீரராகப் பெயர் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 1940-இல் காவல் பணியில் சேர்ந்தார். கறுப்பினக் காவலரும் வெள்ளையினக் காவலரும் ஒரே ரோந்து வண்டியில் சேர்ந்து போகாத காலம் அது. 1950-இல் வெள்ளையர் வாழ்ந்த லைமர்ட் பார்க் பகுதியில் வீடு வாங்க நினைத்தபோது, ஒரு வெள்ளையரை முன்னிறுத்தித்தான் அவரால் அதை வாங்க முடிந்தது. சீருடை அணிந்து ஊரைக் காத்தவருக்கே இந்த நிலை என்பது என்னை இன்னும் உறுத்துகிறது. வேலை பார்த்தபடியே இரவில் சட்டம் படித்து வழக்கறிஞர் தகுதி பெற்ற அவர், லெப்டினன்ட் வரை உயர்ந்து, 1961-இல் பணியிலிருந்து விலகினார்.

1963-இல் நகர மன்ற உறுப்பினரானார். 1965-இல் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்து 34 பேர் உயிரிழந்தபோது, காவல்துறையின் போக்கை மன்றத்திலேயே தட்டிக்கேட்டார். அதனால்தான் 1969 மேயர் தேர்தலின் முதல் சுற்றில் முன்னிலை பெற்றும், முன்னாள் காவல் அதிகாரியான அவரையே காவல்துறையின் எதிரியாகச் சித்தரித்து, மேயர் சாம் யார்ட்டி இறுதிச் சுற்றில் வென்றார். 1973-இல் அதே யார்ட்டியைத் தோற்கடித்து பிராட்லி மேயரானார்.

1984 ஒலிம்பிக் போட்டிதான் அவருடைய பெரிய சாதனை என்று பலரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காவல்துறைத் தலைவரின் அசைக்க முடியாத பதவிக்கு அவர் காலத்தில் முடிவு வந்ததே பெரிது என்பேன். அப்போது அந்த நகரத்தின் காவல்துறைத் தலைவரை மேயரால் பதவி நீக்க முடியாமல் இருந்தது. குடிமைப் பணி விதிகள் அவருக்கு அரணாக இருந்தன. 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்பவரைக் காவலர்கள் அடித்து நொறுக்கிய காட்சியை, அருகில் குடியிருந்த ஒருவர் தம் வீட்டிலிருந்தே படம்பிடிக்க, அது உலகெங்கும் பரவியது. தலைவர் டேரில் கேட்ஸ் விலக வேண்டும் என்று பிராட்லி வெளிப்படையாகவே கேட்டார், கேட்ஸ் மறுத்துவிட்டார். காவல்துறையை மேற்பார்வையிடும் காவல் ஆணையம் அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பியபோதும் நகர மன்றம் தலையிட்டு அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. மறு ஆண்டு அந்தக் காவலர்கள் விடுவிக்கப்பட்டதும் நகரம் பற்றி எரிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1992 ஜூனில் மக்கள் வாக்களித்து, நகர நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டமான நகரச் சாசனத்தைத் திருத்தினார்கள். அதன்படி காவல்துறைத் தலைவரின் பதவிக்காலம் 5 ஆண்டுகள். மிஞ்சிப்போனால் இன்னொரு தவணை. அதே மாதத்தில் கேட்ஸ் பதவியை விட்டார். பிராட்லி 1993-இல் மீண்டும் போட்டியிடவில்லை. கேட்ஸுக்குப் பின் வந்த வில்லி வில்லியம்ஸ் 1997-இல் இரண்டாவது தவணை கேட்டபோது, காவல் ஆணையம் அதைத் தர மறுத்தது.