விதையில் பாதியைச் சோதி, மீதியை விதை

பயிர்ப் பெருக்கம் படிக்கும் மாணவர்களே, பண்ணை வேலை அறிந்த பெரியோர்களே, வணக்கம்.

ரேப்சீட் பற்றிப் பேசச் சொன்னார்கள். கனோலா எண்ணெய் என்று கடையில் பார்த்திருப்பீர்கள், அந்தச் செடிதான். பிராசிக்கா நேப்பஸ் என்பது அதன் தாவரப் பெயர். முட்டைக்கோசும் டர்னிப்பு இனமும் இயற்கையில் கலந்து பிறந்தது. டர்னிப்பு இனத்தின் 20 குரோமோசோம்களும் முட்டைக்கோசின் 18 குரோமோசோம்களும் சேர்ந்து இதற்கு 38. இந்தக் குடும்ப உறவை 1935-இல் விளக்கிக் காட்டியவர் ஊ நாகஹாரு என்ற தாவரவியலாளர்.

இரண்டாம் உலகப் போரின்போது கனடா இதைப் பரவலாகப் பயிரிட்டது சாப்பாட்டுக்காக அல்ல, கப்பல்களின் நீராவி எந்திரங்களுக்கு மசகு எண்ணெய் வேண்டும் என்பதற்காக. போர் முடிந்ததும் அந்தத் தேவை போயிற்று. சமையலுக்குக் கொண்டுவர இரண்டு தடைகள் இருந்தன. எண்ணெயில் பாதியளவு வரை எருசிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதைத் தின்ற எலிகளின் இதயத் தசையில் கொழுப்பு படிந்தது. புண்ணாக்கில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம், நசுக்கி ஈரம் பட்டால் விதையிலேயே உள்ள நொதி அதைப் பிளக்கும், வரும் பொருள்கள் கால்நடையின் தைராய்டைக் கெடுக்கும், தீவனத்தில் காரம் ஏறும்.

இந்த இரண்டையும் நீக்கிய கதையில் உங்களுக்கு ஒரு கேள்வியைத்தான் தர விரும்புகிறேன். ஒரு குணத்தைத் தேர்ந்தெடுக்கப் புறப்படும் முன், அது எங்கே தீர்மானமாகிறது என்று கேளுங்கள். விதைக்குள் இருக்கும் முளைக்கருவிலா, விதையைச் சுமக்கும் தாய்ச்செடியிலா?

எருசிக் அமிலத்தை முளைக்கருவே தீர்மானிக்கிறது. அதனால் ஒரே செடியில், ஒரே காயில், பக்கத்துப் பக்கத்து விதைகள் வேறுபடலாம். நேப்பஸில் இதற்கு இரண்டு மரபணு இடங்கள். எருசிக் உள்ள செடியையும் இல்லாத செடியையும் கலப்பினம் செய்து, அந்த முதல் தலைமுறைச் செடியைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தால், அதன் விதைகளில் 16-க்கு ஒன்று எருசிக் இல்லாததாக இருக்கும். அந்த ஒன்று எது? எண்ணெயைப் பிழிந்து பார்த்தால் விதை போயிற்று. கூட்டாகப் பிழிந்தால் சராசரிதான் தெரியும்.

கனடாவின் சஸ்கட்டூனில் கீத் டௌனியும் உடன் உழைத்தோரும் 1960-களின் தொடக்கத்தில் கண்ட வழி அரை விதை முறை. அதற்கு உயிர் கொடுத்தது அதே ஊரில் பர்ட்டன் கிரெய்க் செம்மைப்படுத்திய வாயு குரோமட்டோகிராபி. சில மில்லிகிராம் மட்டுமே உள்ள விதையின் துணுக்கிலேயே கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டும் கருவி வந்த பிறகுதான் இந்த யோசனை வேலையானது.

செய்முறை இது. ஈரமான வடிதாளில் விதைகளை ஒரு நாள் ஊறவையுங்கள். விதைத்தோலை ஊசியால் நீக்கினால் இரண்டு வித்திலைகள் ஒன்றை ஒன்று மடித்து மூடியிருக்கும். வெளி வித்திலை பெரியது. அதை மட்டும் கத்தி நுனியால் எடுங்கள். உள் வித்திலையும் வேர்முனையும் சேர்ந்த மீதியை எண்ணிட்ட தட்டில், கிருமி நீக்கிய ஊடகத்தில் நடுங்கள். எடுத்த துணுக்கைச் சிறு குப்பியில் நசுக்கி, மீத்தைல் எஸ்டராக மாற்றி, கருவியில் செலுத்துங்கள். வரைபடத்தில் கொழுப்பு அமிலங்கள் மேடுகளாகத் தெரியும்: ஓலிக் முதலில் வரும், ஐக்கோசினாயிக் அடுத்து, எருசிக் கடைசியில். கடைசி மேடு இல்லாத எண்ணின் நாற்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாம்.

தவறுகள் பெரும்பாலும் மூன்று இடத்தில் வரும். வெட்டு ஆழமாகி முளைநுனி சேதமாகும். வெட்டுவாயில் பூஞ்சாணம் ஏறி நாற்று அழுகும். எல்லாவற்றையும் விடக் கொடியது, குப்பி எண்ணும் தட்டு எண்ணும் மாறிப்போவது. அது அடுத்த தலைமுறை வரை தெரியவே தெரியாது. எத்தனை விதை பார்க்க வேண்டும் என்றால், ஒன்றாவது கிடைக்க 95 சதவீத வாய்ப்புக்கு 47 விதை. 99 சதவீதம் வேண்டுமென்றால் 72.

எருசிக் இல்லாத தன்மை கிடைத்தது லிகோ என்ற ஜெர்மன் தீவன ரகத்தில். மனிடோபா பல்கலைக்கழகத்தின் பால்டர் ஸ்டெஃபான்சனும் டௌனியும் சேர்ந்து 1961-இல் அதை அறிவித்தார்கள். 1968-இல் எருசிக் குறைந்த ஓரோ ரகம் வெளிவந்தது.

இதே முறையைக் குளுக்கோசினோலேட்டுக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள். அது தாய்ச்செடியின் திசுக்களில் உருவாகி விதைக்குள் வந்து சேர்கிறது. விதையில் அது எவ்வளவு இருக்கிறது என்பது தாயின் மரபணுவைச் சொல்லுமே தவிர உள்ளிருக்கும் கருவினுடையதைச் சொல்லாது. ஆகவே விதையை நட்டு, அந்தச் செடி காய்க்கும் வரை காத்திருந்து, அதன் விதைகளைத் தொகுத்து அளக்க வேண்டும். ஒரு தலைமுறை கூடுதல். மரபணு இடங்களும் பல, எல்லாமே ஒடுங்கு பண்பு, அதாவது இரு பெற்றோர் வழியிலும் வந்தால்தான் வெளிப்படும். நான்கு என்று வைத்தாலும் 256-க்கு ஒன்று. போலந்தின் பிரோனோவ்ஸ்கி ரகத்தில்தான் குறைந்த குளுக்கோசினோலேட் இருந்தது. 1960-களின் பிற்பகுதியில் அதை அடையாளம் கண்டார்கள். இரண்டு குறைவையும் சேர்த்து ஸ்டெஃபான்சன் 1974-இல் டவர் ரகத்தைத் தந்தார். இன்று கனோலா என்றால் எண்ணெயில் எருசிக் 2 சதவீதத்துக்குக் கீழ், எண்ணெய் நீக்கிய புண்ணாக்கில் குளுக்கோசினோலேட் கிராமுக்கு 30 மைக்ரோமோலுக்குக் கீழ்.

இந்த வேறுபாடு வயலிலும் வேலை செய்கிறது. பக்கத்தில் எருசிக் மிகுந்த பயிர் இருந்து மகரந்தம் வந்தால் இந்த ஆண்டு அறுவடையிலேயே எருசிக் ஏறும். கலப்பு விதையில் எருசிக் சுமார் 20, 25 சதவீதம் என்று கொண்டால், நூற்றுக்கு எட்டுப் பத்து விதை கலந்தாலே வரம்பு தொட்டுவிடும். குளுக்கோசினோலேட்டோ இந்த ஆண்டு அசையாது; அந்த விதையை நட்டுக் காய்க்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே விதைப் பண்ணையில் புண்ணாக்குச் சோதனை நன்றாக வந்தது என்று தூய்மைச் சான்று எழுதிவிடாதீர்கள். முந்தைய பயிர் உதிர்த்த விதை மண்ணில் பல ஆண்டு உறங்கிக் கிடந்து முளைக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

காத்திருப்பைக் குறைத்தது நுண்வித்து வளர்ப்பு, அதாவது மகரந்தமாக வேண்டிய செல்லிலிருந்தே செடி வளர்ப்பது. குளிர்ச்சியான சூழலில் வளர்த்த செடியின் சிறு மொட்டுகள், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அந்தப் பருவத்தில் மகரந்தத்தின் ஒற்றை உட்கரு பிரியும் தறுவாயில் இருக்கும். கிருமி நீக்கி, நசுக்கி, நுண்ணிய நைலான் வலையில் வடிகட்டி, 13 சதவீதச் சர்க்கரை உள்ள ஊடகத்தில் போட்டு, இருட்டில் 32 டிகிரியில் மூன்று நாள். அந்த வெப்பம்தான் மகரந்தமாக வேண்டியதைக் கருவாகத் திருப்புகிறது. பிறகு 25 டிகிரிக்கு இறக்கினால் மூன்று வாரத்தில் கருக்கள் தெரியும். மொட்டு சற்றே பெரிதாகிவிட்டால் முதிர்ந்த மகரந்தம் நஞ்சாகி மொத்தத் தட்டும் பாழ். வரும் செடி ஒற்றைமயம், அதாவது குரோமோசோம்களில் பாதியே உள்ளது, ஆகவே மலடு. பூ சிறுத்திருக்கும், மகரந்தம் இருக்காது. கோல்ச்சிசின் கொடுத்துக் குரோமோசோம்களை இரட்டிக்க வேண்டும். கோல்ச்சிசின் கடும் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பலன் என்ன? நான்கு ஒடுங்கு இடங்களுக்கு 256-க்கு ஒன்று என்பது 16-க்கு ஒன்றாகிறது, கிடைக்கும் செடியும் அப்படியே நிலைத்த வரிசை.

நம் நாட்டுக் கடுகு பிராசிக்கா ஜுன்சியா. எருசிக் இல்லாத ஜுன்சியா வரிசைகளை ஆஸ்திரேலியாவில் 1981-இல் அறிவித்தார்கள். குறைந்த குளுக்கோசினோலேட் ஜுன்சியாவைச் சஸ்கட்டூனில் 1990-இல் உருவாக்கினார்கள். அந்தப் பண்பும் பிரோனோவ்ஸ்கி வழியாக வந்ததுதான். தில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டும் குறைந்த பூசா கடுகு 31-ஐத் தந்திருக்கிறது. உலகமே ஒரே ஒரு போலந்து ரகத்தின் மீது இவ்வளவு பாரம் ஏற்றியிருப்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. மேலும் ஒரு சிக்கல்: குளுக்கோசினோலேட் செடியின் ஆயுதம். விதையில் குறைக்கப் போய் இலையிலும் குறைந்துவிட்டால், பல பயிர்களையும் மேயும் புழுக்களுக்கு வழி திறந்துவிடுகிறோம்.

இங்கேதான் அந்தப் பழைய கேள்வி மறுபடி பயன்படுகிறது. தாயிடமிருந்து விதைக்கு ஏறுகிறது என்றால், ஏற்றும் வாயிலை மட்டும் அடைத்தால் போதாதா? அந்த வாயில்கள் ஜிடிஆர்1, ஜிடிஆர்2 என்ற கடத்திப் புரதங்கள் என்று 2012-இல் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் சிறு செடியில் தெளிவானது. ஜுன்சியாவில் இவற்றுக்குப் பல நகல்கள் இருப்பதால் ஒன்றை வெட்டினால் மற்றது ஈடுசெய்துவிடும். தில்லியின் தேசியத் தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தினர் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு பல நகல்களையும் சேர்த்துத் திருத்தி, விதையில் குறைவும் இலையில் மிகுதியுமான கடுகை 2023-இல் வெளியிட்டார்கள். காப்பும் குறையவில்லை, விளைச்சலும் குறையவில்லை. அயல் மரபணு எஞ்சாத இப்படிப்பட்ட செடிகளுக்கு 2022 முதல் இந்திய விதிகளில் தளர்வு உண்டு. அடுத்து இது பல மண்ணிலும் பல பருவத்திலும் வயலில் நிற்க வேண்டும். அந்தச் சோதனை உங்கள் தலைமுறைக்குரிய வேலை.