100 பேர் கல்யாணத்துக்கு எவ்வளவு சமைக்கணும்?

திருமங்கலத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. திருப்பரங்குன்றம் கோயில்ல தாலி கட்டிட்டு, பக்கத்து மண்டபத்துல சொந்தக்காரங்க, நெருங்கின சிநேகிதங்கன்னு 100 பேருக்கு மட்டும் மதியச் சாப்பாடு. சமையலுக்கு என்ன அளவு சொல்லணும், ஆள் கூடிட்டா என்ன செய்யணும்?

முதல்ல தலையை எண்ணுங்கம்மா, பத்திரிகைய எண்ணாதீங்க. நம்ம பக்கம் "குடும்பத்தோட வந்துருங்க"ன்னுதான் கூப்பிடுவோம், 40 பத்திரிகைக்கு 150 பேர் வந்து நிப்பாங்க. பிள்ளைங்களையும் சேர்த்துப் பேர் பேரா எழுதுங்க. செய்முறை நோட்டையும் (மொய்க்கணக்கு எழுதுற நோட்டு) பக்கத்துல வச்சுக்கங்க. நீங்க மொய் செஞ்ச வீட்டுக்காரங்க திருப்பிச் செய்யக் காத்திருப்பாங்க, சொல்லாம விட்டா மனஸ்தாபம்தான். கூப்பிட முடியலைன்னா நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க, போன்ல சொன்னா எடுபடாது. தாய்மாமன் வீட்டுல மட்டும் எண்ணிக்கை பேசவே பேசாதீங்க. சீர் கொண்டு வர எத்தனை பேர்னு அவங்க சொல்லட்டும், மிச்சத்தைப் பிரிச்சுக்கங்க.

முகூர்த்த நாள்ல கோயில்ல ஜோடி பின்னாடி ஜோடியா நிப்பாங்க. அதனால அங்க 25 பேர் போதும், வயசானவங்க நேரா மண்டபத்துக்கு வந்துரட்டும். கோயில் ரசீதைப் பத்திரமா வைங்க. 90 நாளைக்குள்ள திருமணத்தைப் பதியணும், தாண்டினா இன்னும் 60 நாள் உண்டு, ஆனா கூடுதல் கட்டணம்.

இப்ப அளவு. 100 இலைக்குப் பொன்னி பச்சரிசியோ புழுங்கலோ 10 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு இரண்டரைக் கிலோ, ஒரு பொரியலுக்குக் காய் 6 கிலோ, பாயசம் 10 லிட்டர், தயிர் 8 லிட்டர். மெதுவடை இலைக்கு ஒண்ணுன்னா உளுந்து 3 கிலோ. வாழையிலை 125 வாங்குங்க, கிழிசல் எப்படியும் வரும்.

சின்னக் கல்யாணத்துல சாப்பாடு மிஞ்சுறதுக்கு முக்கியக் காரணம், எல்லாருமே "கூடக் கொஞ்சம் இருக்கட்டும்"னு சொல்றதுதான். வீட்டுல 20 கூட்டிச் சொல்வாங்க, சமையல் மாஸ்டர் தன் பங்குக்கு 20 கூட்டுவார். ஆயிரம் பேர் பந்தியில அது தெரியாது, 100 பேர்ல அண்டா அண்டாவா நிக்கும். மாஸ்டர்கிட்ட "நான் கூட்டிச் சொல்லலை, 100 இலைதான்"னு வெளிப்படையாச் சொல்லிருங்க.

ஆள் கூடினா சமாளிக்க, 2 கிலோ அரிசியும் அரைக் கிலோ துவரம்பருப்பும் தனியா எடுத்து வைக்கச் சொல்லுங்க. பருப்பை வேகவச்சுச் சாம்பார்ல கலக்காம நிறுத்தணும், புளித்தண்ணியும் கரைச்சுத் தனியா இருக்கணும். அரிசிக்கு ஒரு அடுப்புல உலை கொதிச்சுட்டே இருக்கட்டும். முதல் பந்தி உட்கார்ந்ததும் இலையை எண்ணுங்க. வெளிய காத்திருக்கிறவங்களையும் சேர்த்து 100-ஐத் தாண்டுதுன்னா அப்பவே அரிசியைப் போட்டா, அடுத்த பந்திக்கு இலை போடுறப்போ சோறு வடிச்சு வந்துரும். சாம்பார்ல பச்சைத்தண்ணி ஊத்த மட்டும் விடாதீங்க. காய் ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம் நிக்கும், உப்பு புளி ரெண்டும் செத்துரும். நிறுத்தி வச்ச பருப்பையும் புளித்தண்ணியையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, உப்பும் பொடியும் பார்த்துப் போட்டுத் திரும்பத் தாளிச்சாத்தான் கடைசிப் பந்திக்கும் அதே ருசி வரும்.