வீடு வாங்குமுன் யாரை அழைத்துப் பார்ப்பது?

(காட்சி: கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை. புதிதாக வெள்ளை பூசிய வீடு.)

குரல்: வீடு பிடித்திருக்கிறது, விலையும் ஓரளவு படிந்துவிட்டது. இந்த நேரத்தில் தரகர் சொல்வார்: "எனக்குத் தெரிந்த நல்ல மேசன் ஒருவர் இருக்கிறார், கூட்டி வருகிறேன்." வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். விற்பனை நடந்தால்தான் தரகருக்குக் காசு. அவர் கூட்டி வருகிறவர் உங்களுக்காகப் பார்ப்பார் என்று எப்படி நம்புவது? "திருத்த வேலையையும் நானே செய்து தருகிறேன்" என்கிறவரையும் தவிருங்கள். அவர் காணும் ஒவ்வொரு வெடிப்பும் அவருக்கு ஒரு வேலை.

இன்னொரு குழப்பம்: வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர். கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்ப்பதே அவர் பணி. கூரைக்குள் கறையான் இருக்கிறதா என்று அவர் ஏறிப் பார்க்கப்போவதில்லை.

(காட்சி: சுவரை மெல்லத் தட்டும் சிறு சுத்தியல்.)

குரல்: அப்படியானால் யார்? வன்னியில் வீட்டுப் பரிசோதனையை மட்டுமே தொழிலாகக் கொண்டவரைக் காண்பது அரிது. கட்டடப் பொறியியலாளரையோ, கட்டட வேலையில் நீண்ட அனுபவமுள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ தேடுங்கள். 2017ஆம் ஆண்டின் சட்டப்படி பொறியியல் தொழில் செய்கிறவர்கள் பொறியியல் பேரவையில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முன்பு எழுதிய அறிக்கை ஒன்றையும், பெயர் முகவரியை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். படங்களோடு, எந்த அறையில் எந்தச் சுவர் என்று எழுதியிருந்தால் நல்லது. "வீடு பொதுவாக நல்ல நிலையில் உள்ளது" என்ற ஒரு பக்கத் தாளுக்கு நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

பட்டத்தைவிட நான் பெரிதாக எண்ணுவது, ஆள் நம் மண்ணை அறிந்தவரா என்பதை. மன்னார் மாவட்டத்தில் முருங்கன் பக்கத்துக் களிமண் மழைக்கு ஊதும், கோடையில் பிளக்கும். அத்திவாரமும் அதோடு அசையும். அங்கே வீடு பார்க்கிறவர், கல்வரிசையைப் பின்பற்றிப் படிபோல ஏறும் வெடிப்பைத் தேட வேண்டும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கேள்வி வேறு: மணல் எங்கிருந்து வந்தது? கழுவாத கடல்மணலின் உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து கொங்கிறீற்றைப் பிளக்கும். பீமின் அடியில் நீளவாக்கில் ஒரு கோடு, அதைச் சுற்றிப் பழுப்புக் கறை, தட்டினால் பொள்ளென்ற ஓசை. இவை மூன்றும் சேர்ந்திருந்தால் அதன்மேல் பூசிய வெள்ளையை நம்பாதீர்கள்.

(காட்சி: பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் மூலை.)

குரல்: போர் முடிந்த 2009க்குப் பிறகு எழுந்த வீடுகளில் பல, கூரை போன பழைய சுவர்களின் மேல் கட்டியவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாவைத் தவணைகளாகப் பெற்றுக் கட்டிய வீடுகளோடு, பின்னர் சொந்தக் காசில் அறை சேர்த்தவர்களும் உண்டு. ஆகவே "இதில் எந்தச் சுவர் பழையது?" என்று வந்ததும் கேட்கிற ஆள், என் கணக்கில், பாதித் தேர்வில் தேறிவிட்டார். 2018 டிசம்பர் வெள்ளம் முற்றத்தில் எவ்வளவு நின்றது என்று அயல்வீட்டாரிடம் விசாரித்தால் இன்னும் நல்லது.

பரிசோதனையின்போது நீங்களும் கூடவே நில்லுங்கள். அவர் கூரைக்குள் ஏற வேண்டும், கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும், மின்பெட்டியைத் திறக்க வேண்டும். பார்க்க முடியாத இடங்களை அறிக்கையில் அவரே எழுத வேண்டும். விற்பவர் ஓர் அறையைத் திறக்க மறுத்தால் அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறதா, அரச அனுமதிப்பத்திரம் மட்டும்தானா என்பது அவர் வேலையில்லை. அதற்கு நொத்தாரிசும் பிரதேச செயலகமும். கூலியை முன்கூட்டியே பேசி முடியுங்கள். விற்பவருக்கு முற்பணம் கொடுப்பதை மட்டும், அறிக்கை கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.