வாசிப்புக் குழுவுக்கு எந்த மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். இது வந்து இரண்டு வாரமாகிறது. படித்த அன்றே பதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு வரி எழுதியதும், இது நான்கு வரியில் அடங்காது என்று தெரிந்துவிட்டது.

கோவையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன். "ஐயா, நாங்கள் ஒன்பது பேர். கோவை, சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை ஜூமில் கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசுவோம். இந்த வருடம் ஃபேன்டஸி படிக்கலாம் என்று முடிவாயிற்று. வாக்கெடுப்பு வைத்தோம். எல்லோரும் பெயர் கேள்விப்பட்ட ஒரு பெரிய தொடரின் முதல் தொகுதி வென்றது. அறுநூறு பக்கம். இரண்டு பேர்தான் முடித்தார்கள். கூட்டத்தில் அந்த இருவரும் கதை சொன்னார்கள், நாங்கள் ஏழு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒரு பட்டியல் கொடுங்கள்."

பட்டியல் தருகிறேன், தராமல் விடமாட்டேன். ஆனால் "அந்த இருவரும் கதை சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி இரண்டு வாரமாக மனதில் கிடந்து உறுத்துகிறது. நாவலைப் பற்றிப் பேசக் கூடிய இடத்தில் கதைச்சுருக்கம் சொல்லும்படி ஆகிவிட்டது. படிக்காத ஏழு பேர் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். தேர்விலேயே பிழை நடந்திருக்கிறது.

முதலில் தொடர் நாவல்கள். எனக்கும் அவை பிடிக்கும். ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' 1990இல் தொடங்கியது. 2007இல் அவர் இறந்துவிட்டார். பிராண்டன் சாண்டர்சன் மீதியை எழுதி, 2013இல் பதினான்காவது தொகுதியோடு முடித்துவைத்தார். ஜார்ஜ் மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் முதல் நாவல் 1996இல் வந்தது. ஐந்தாவது 2011இல். ஆறாவதுக்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். தனியாகப் படிக்கிறவருக்கு இந்த நீளமே ஒரு சுகம். வருடக்கணக்கில் ஓர் உலகத்தில் குடியிருக்கலாம். குழுவுக்கு அது ஒத்துவராது. தொடரின் முதல் தொகுதி என்பது பந்தி போட்டு, இலை விரித்து, தண்ணீர் தெளித்து வைத்த நிலை. சோறு அடுத்த தொகுதியில்தான் வரும். வெறும் இலையைப் பார்த்து ஒன்பது பேர் என்ன பேசுவார்கள்? ஊர்ப் பெயர்களையும் அரச வம்சங்களையும்தான் பேசுவார்கள். உங்கள் கூட்டத்தில் அதுதான் நடந்திருக்கும்.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இந்தக் கணக்கில் வராது. 1954, 55இல் மூன்று பாகமாக வந்தாலும் அவர் அதை ஒரே நாவலாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்தைய நாட்களில் காகிதமும் செலவும் பதிப்பாளருக்குக் கவலையாக இருந்ததால் மூன்றாகப் பிரித்தார்கள். ஆகவே முதல் பாகத்தை மட்டும் ஒரு மாதத்துக்கு வைத்தால் மூன்றில் ஒரு பங்கைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதாகிவிடும். நம் மொழியில் 1997இல் வந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' நாவலுக்கும் இதையே சொல்வேன். அதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். பழகிய குழுவாக ஆன பிறகு எடுங்கள்.

ஆக, ஒரே புத்தகத்தில் முடிகிற கதை. முந்நூறு பக்கத்துக்குள். இது எளிய பாதி.

இன்னொரு பாதிக்கு நான் மறுபடியும் வேதாளத்தைத்தான் கூப்பிட வேண்டும். நாட்டுப்புறக் கதைகள் பற்றிய பேச்சில் சொல்லியிருக்கிறேன், சிறார் இலக்கியம் பற்றிய பேச்சிலும் சொன்னேன். பழைய பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இது எனக்கு அவ்வளவு முக்கியம். வேதாளம் விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொல்கிறது. கதை முடிந்ததும் கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். அம்புலிமாமாவில் படித்தோமே, அப்போது கதையைவிட அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தோம். பதிலைப் படிப்பதற்கு முன் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு அண்ணனும் நானும் சண்டை போட்டிருக்கிறோம்.

பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலேயே இந்த இருபத்தைந்து கதைகளும் இருக்கின்றன. அதில் ஒன்று உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பெண், அவள் கணவன், அவள் சகோதரன் மூவரும் பயணம் போகிறார்கள். வழியில் அம்மன் கோயில். உள்ளே போன கணவன் தன் தலையை அறுத்துக் காணிக்கையாக வைத்துவிடுகிறான். தேடிப் போன சகோதரனும் அப்படியே செய்கிறான். அந்தப் பெண் உயிரை விடத் துணியும்போது அம்மன் தடுத்து, தலைகளை உடல்களோடு சேர், இருவரும் எழுவார்கள் என்கிறாள். பதற்றத்தில் அவள் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இருவரும் எழுந்து நிற்கிறார்கள். இப்போது கணவன் யார்?

தலைதான் உறுப்புகளில் முதன்மையானது, ஆகவே கணவனின் தலை உள்ளவனே கணவன் என்று விக்கிரமாதித்தன் சொல்லிவிட்டான். உலகம் அதோடு விட்டதா? 1940இல் தாமஸ் மன் ஜெர்மனில் இதைக் குறுநாவலாக எழுதினார். 1971இல் கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் 'ஹயவதனா' என்று நாடகமாக்கினார். இருவரும் சகோதரனை எடுத்துவிட்டு நண்பனை வைத்தார்கள். அந்த ஒரு மாற்றத்தில் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. இதைத்தான் நான் வேதாளக் கேள்வி என்கிறேன். தலை மாறுவது மாயம். உடலா, மனமா, எதை நான் என்று சொல்கிறேன் என்ற கேள்வியை அந்த மாயம் இல்லாமல் இத்தனை அப்பட்டமாகக் கேட்க முடியாது. மிகுபுனைவு நாவலைக் கையில் எடுத்தால் டிராகன் எத்தனை, வரைபடம் எவ்வளவு பெரிது என்று பார்க்காதீர்கள். கடைசிப் பக்கத்தை மூடும்போது இது நம் தோளில் தொங்கிக்கொண்டு என்ன கேட்கும் என்று பாருங்கள்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். உர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ', 1968இல் வந்தது, மெல்லிய நாவல். ரோக் என்ற தீவில் மந்திரம் கற்பிக்கும் பள்ளி. கெட் என்ற பையன் அங்கே படிக்கிறான். ஆசிரியர் ஒரு கூழாங்கல்லை எடுத்து வைரமாகக் காட்டுகிறார். காட்டிவிட்டு மறுபடி கல்லாக்கிவிடுகிறார். அது உண்மையில் வைரமாகவே இருக்கச் செய்ய முடியாதா என்று பையன் கேட்கிறான். செய்யலாம், ஆனால் அதற்கு இந்தக் கல்லின் உண்மைப் பெயரையே மாற்ற வேண்டும், அது உலகத்தையே மாற்றுவதாகும் என்கிறார். பிறகு ஓரிடத்தில் இன்னோர் எச்சரிக்கை வருகிறது. ரோக்கில் பெய்ய வைக்கும் மழை, ஆஸ்கில் என்ற தூரத் தீவில் வறட்சியாக விடியலாம்.

நான் பெயர்களின் மந்திரம் பற்றிப் பேசலாம் என்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், விவசாயக் குடும்பம். அவர் மைக்கைத் திறந்து, "நான் கடைமடைக்காரன் ஐயா. எனக்கு இது கதையில்லை" என்று ஆரம்பித்தார். ஜூன் 12 என்று தேதி வைத்து மேட்டூர் அணையைத் திறப்பது, திறந்த தண்ணீர் அவர்கள் வாய்க்காலுக்கு வந்து சேராமல் போன வருடங்கள், மேலே ஒருவர் மடையைக் கூடுதலாகத் திறந்துவைத்தால் கீழே ஒரு வயலில் நாற்று காய்வது என்று முக்கால் மணி நேரம் பேசினார். பெங்களூரிலிருந்து ஒருவர், எங்கள் வீட்டுக் குழாயிலும் அதே ஆற்றுத் தண்ணீர்தான் வருகிறது என்றார். கற்பனைத் தீவில் யாரோ பெய்ய வைக்காமல் விட்ட மழையைப் பேசப்போய் நாங்கள் காவிரியில் வந்து நின்றோம். இரவு பதினொன்றரை வரை ஒருவரும் வெளியேறவில்லை.

இதைக் கவனியுங்கள். அந்த நாவலில் மாயத்துக்கு விலை இருக்கிறது. விலை இருந்தால் யார் கொடுப்பது என்ற வழக்கு இருக்கும். வழக்கு இருந்தால் ஒன்பது பேரும் பேசுவார்கள். மந்திரக்கோலை ஆட்டினால் எல்லாம் கிடைக்கிற கதையில் ரசிக்க நிறைய இருக்கலாம், வழக்காட ஒன்றும் இருக்காது.

பட்டியல் கேட்டீர்கள். முதலில் 'எர்த்சீ' நாவல். அடுத்து சுசானா கிளார்க்கின் 'பிரனேசி', 2020. அவரது முதல் நாவல் எண்ணூறு பக்கத்தைத் தொடும். இது முந்நூறுக்குள் அடங்கிவிடும். 2021இல் பெண்களுக்கான புனைவுப் பரிசு பெற்றது. முடிவே இல்லாத கூடங்களும் சிலைகளும் கொண்ட ஒரு வீடு, கீழ்த்தளத்தில் கடல் ஏறி இறங்குகிறது. உலகத்தில் இதுவரை இருந்தவர்கள் மொத்தம் பதினைந்து பேர் என்று நம்பிக்கொண்டு ஒருவன் அங்கே நிம்மதியாக வாழ்கிறான். அந்த நிம்மதியிலிருந்து அவனை மீட்பது அவனுக்குச் செய்யும் நன்மையா? இதற்கு மேல் சொன்னால் உங்கள் மாலை கெட்டுவிடும்.

குழுவில் ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் இருந்தால் அவர்களை ஒதுக்கிவிட்டுத் தேர்வு செய்யாதீர்கள். 'குட்டி இளவரசன்' இருக்கிறது. 1943இல் வந்த பிரெஞ்சு நூல். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்தே நேராக மொழிபெயர்த்து 1981இல் க்ரியா வெளியிட்டது. இரண்டு மணி நேரத்தில் படித்துவிடலாம். குழந்தைப் புத்தகம் என்று யாராவது சொன்னால், படித்துவிட்டு வந்து சொல்லும்படி கேளுங்கள். ஒரு மாதம் வேதாளக் கதைகளையே வைக்கலாம். ஆளுக்கொரு கதை, கேள்வி வரைக்கும் மட்டும் சொல்ல வேண்டும்.

வாக்கெடுப்பை விட்டுவிடுங்கள். அதில் கேள்விப்பட்ட பெயர்தான் ஜெயிக்கும். எங்கள் வழக்கம் வேறு. இரண்டு மூன்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பக்கத்தைக் கூட்டத்திலேயே யாராவது உரக்கப் படிப்பார்கள். வாசிப்பு நின்றதும் "பிறகு?" என்று எதற்கு அதிகம் பேர் கேட்கிறார்களோ அதுதான் அடுத்த மாதத்துக்கு.

நான்காவது புத்தகம் ஒன்று பாக்கி வைத்திருக்கிறேன். மிஹாயில் எண்டேயின் 'மோமோ', ஜெர்மன் நாவல், 1973. ஆங்கிலத்தில் கிடைக்கிறது. அதைச் சொல்லும்போது, நீங்கள் கேட்காத ஒரு கேள்வியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்பது பேரில் பேசாத ஒருவர் உங்களிடமும் இருப்பார், நிச்சயம் இருப்பார். அவரைப் பேச வைக்கும் புத்தகம் எது என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

எங்களிடம் ஒரு அம்மா இருந்தார். எட்டு மாதம் தவறாமல் வந்தார். கேமரா அணைந்திருக்கும், மைக் மூடியிருக்கும், பெயர் மட்டும் கட்டத்தில் தெரியும். நாங்களும் தொந்தரவு செய்யவில்லை. 'மோமோ' மாதத்தில் நாவிதர் ஃபூசி வரும் இடத்தைப் படித்தோம். சாம்பல் நிற உடுப்பு போட்ட ஒருவன் அவர் கடைக்கு வருகிறான். நேரச் சேமிப்பு வங்கியின் ஆள். எழுபது வருட ஆயுள் என்றால் 220 கோடியே 75 லட்சத்து 20 ஆயிரம் வினாடி என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறான். ஃபூசிக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. இதுவரை வாழ்ந்த அந்த வருடங்களின் வினாடிகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்கிறான். தூக்கம், சாப்பாடு, வேலை. உங்களோடு இருக்கும் வயதான தாயாருக்குச் சரியாகக் காது கேட்காது, ஆனாலும் தினமும் ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து பேசுகிறீர்கள், வீணான நேரம், 5 கோடியே 51 லட்சத்து 88 ஆயிரம் வினாடி என்கிறான். கழித்துக்கொண்டே போய்க் கடைசியில் மீதி பூஜ்யம்.

அந்த எண்ணைப் படித்து நிறுத்தியதும் மைக் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மாதான். "என் அம்மா படுக்கையில் இருந்த மூன்று வருடமும் நான் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே தொடர்ந்தார். கஞ்சி கொடுக்க ஆகும் நேரம், புரட்டிப் படுக்க வைக்க ஆகும் நேரம், கேட்ட கேள்வியையே அம்மா திரும்பத் திரும்பக் கேட்பதற்குப் பதில் சொன்ன நேரம். அதற்குள் என்னென்ன முடித்திருக்கலாம் என்று மனதுக்குள் எழுதி வைத்ததாகச் சொன்னார். அந்தச் சாம்பல் நிற ஆள் சொல்வது தவறென்று கதை முழுக்கத் தெரிகிறது, ஆனால் அவன் கணக்கில் எங்கே பிழை என்று யாராவது எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டார்.

எட்டு மாதம் வாய் திறக்காதவர் கேட்ட கேள்வி. எங்களில் ஒருவர் கால்குலேட்டரை எடுத்து நாற்பத்திரண்டு வருடத்தையும் பெருக்கிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் வந்தது.

வேதாளத்தின் கடைசிக் கேள்விக்கு விக்கிரமாதித்தனுக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் நடந்துகொண்டே இருந்தான். அந்த ஒரு தடவைதான் வேதாளம் மரத்துக்குத் திரும்பவில்லை. அன்று இரவு எங்கள் கூட்டம் அப்படித்தான் முடிந்தது.

சகோதரி, இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கு 'எர்த்சீ', 'பிரனேசி', 'மோமோ' மூன்றிலும் பத்துப் பத்துப் பக்கம் உரக்கப் படித்துப் பாருங்கள். எதற்கு "பிறகு?" வந்தது என்று எனக்கு எழுதுங்கள். உங்களில் பேசாத அந்த ஒருவர் ஏதாவது கேட்டாரா என்பதையும் எழுதுங்கள்.